ஷெஃப் செத்த சனிக்கிழமை

— சட்டியை நேராப் பிடியுங்கோ. பருப்புத் தண்ணி என்ரை சீலையிலை ஊத்துது.

— பஸ் வளையுது, நான் என்ன செய்ய? ரைவர் கண்ணாடியிலை எங்களைத்தான் பாக்கிறான். உந்தப் புட்டும் பருப்பும் போட்ட சட்டி தேவையோ, தில்லை?

— செத்தவீட்டிலை அடுப்பு மூட்டாயினம். அயலட்டைதானே சமைச்சுக் குடுக்கவேணும்.

— நாங்கள் அயலட்டையோ? எங்கடை வீடு இருக்கிற ஓஸ்டர்முண்டிகனிலையிருந்து ரெண்டு பஸ் மாறி வாறம்.

— ஒரு வருசமா உங்கடை ஷெஃப்பின்ரை சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவுறியள். அவருக்கு வேறை ஆர் செய்யிறது?

— அவர் செத்தாரெண்டு ஆர் உமக்குச் சொன்னது? முதல் அதைச் சொல்லும்.

— இஞ்சருங்கோ, நேற்று ஞானேஸ்வரி வீட்டு ரீவியிலை உங்கடை கண்ணாலைதானே பாத்தனீங்கள். அவர்ரை மனிசி றோஸ்மரி. கறுப்புச் சட்டை, தலை விரிச்சபடி. நெஞ்சிலை அடிக்கிறா. முழங்காலிலை விழுந்து உருளுறா.

— அது பாட்டு. புளூஸ் எண்டு சொல்லுறது. பின்னாலை நாலு பேர் கிற்றாரும் மேளமும் அடிச்சவங்கள், விளங்குதோ?

— எங்கடை ஊரிலையும் செத்தவீட்டுக்கு மேளம் அடிக்கிறதுதானே. பாட்டெண்டால் முடிச்சுப்போட்டுச் சிரிச்சுக் கும்பிடுவினம். இவ முடிச்சவவோ? விளக்கை நூத்தாங்கள், இருட்டுக்குள்ளையும் நிண்டு குழறினா. செய்தி வாசிக்கிற மனிசன் வந்து பேப்பரோடை பாத்துக்கொண்டு இருந்தவர். பாட்டெண்டு ஒருத்தரும் உப்பிடிப் பாடமாட்டினம்.

— கடைக்கதவிலை ரெண்டு கிழமை விடுமுறையெண்டுதான் ஒட்டியிருக்கு.

— சாவெண்டு எழுதி ஒட்டுவினமோ?

— சரி. அப்ப அவர் செத்தால் நாங்களும் செத்தம், விளங்குதோ? நாளைக்குப் பத்து மணிக்கு முன்னம் இந்த வேலைப் பத்திரப் போமிலை முதலாளியின்ரை கையெழுத்து வாங்கிக்கொண்டு அகதியளின்ரை அலுவல் பாக்கிற கந்தோரிலை நிக்கவேணும். வீட்டிலை ஒருத்தருக்கும் வேலை இல்லையெண்டால் திரும்பவும் மலைக் காம்புக்கு, அந்த அகதி முகாமுக்கு, ஏத்துவாங்கள். பன்ரெண்டு பேருக்கு ஒரு அறை. மறந்து போச்சோ?

— அதுக்காகச் செத்தவீட்டுக்குப் போம் கொண்டு வாறியளோ?

— நீர் புட்டுக் கொண்டு வாறீர். நான் போம் கொண்டு வாறன்.

— கறுமம். அழுது முடியுமட்டும் அதை வெளியிலை எடுக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்.

— எழும்பும், இறங்கிற இடம் வந்திட்டுது. அந்தா, அந்தப் பச்சைக் கதவு வீடு. போன நத்தார்ப் பண்டிகைக்கு உருளைக்கிழங்கு மூட்டை இறக்க வந்தனான்.

— ஒரு சனத்தையும் காணேல்லையே. வெளியிலை ஒரு கதிரை இல்லை. ஒரு வெள்ளைத் துணி இல்லை.

— இஞ்சை சத்தம் போடாமல்தான் சாவாங்கள். ஞாயிற்றுக்கிழமை புல்லு வெட்டினாலே பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கிற சனம்.

— மணியை அடியுங்கோ. கதவு திறந்தவுடனை நான் கட்டிப் பிடிப்பன். நீங்கள் ஒண்டும் கதையாமல் தலையைக் குனிஞ்சு நில்லுங்கோ.

— தில்லை, கட்டிப் பிடியாதையும்.

— ஏன்?

— ஷெஃப் வாறார் கதவு திறக்க. கண்ணாடியாலை தெரியுது.

— எந்த ஷெஃப்?

— எங்கடை ஷெஃப். செத்தவர்.

— ஐயோ. சட்டியை விட்டிடாதையுங்கோ. என்னவாம் கேக்கிறார்?

— ஏன் வந்தனீங்களாம்.

— உள்ளதைச் சொல்லுங்கோ.

— உள்ளதெண்டால்? நீங்கள் நேற்றுச் செத்துப்போனியள், அதுதான் சாப்பாடு கொண்டுவந்தம் எண்டோ?

— மரியாதையாச் சொல்லுங்கோ.

— எனக்குத் தெரிஞ்சது கோப்பை கழுவுற குசினி ஜேர்மன். அதிலை மரியாதை இல்லை. பொறும், சொல்லிப் பாக்கிறன். ... சொல்லிப்போட்டன்.

— என்னவாம்?

— தான் செத்தது எத்தினை மணிக்காம்.

— எட்டு மணிச் செய்திக்குக் கொஞ்சம் முந்தியெண்டு சொல்லுங்கோ. அவர் ரீவி பாக்கேல்லையோ?

— மூண்டு கிழமையா மனிசியோடை கதை இல்லையாம். கீழை நிலவறையிலை படுக்கிறாராம், குண்டுக்கு ஒளிக்கிற அறைக்குள்ளை. இந்த நாட்டிலை வீட்டுக்கு வீடு கிடக்கு, ஒரு முழம் தடிப்பான இரும்புக் கதவோடை.

— இஞ்சை ஆர் குண்டு போடுறது?

— ஒருத்தரும் இல்லை. கட்டி வைச்சிருக்கினம்.

— எங்களுக்கு ஊரிலை போட்ட நேரம் ஒளிக்க ஒரு கிடங்குக் குழி இல்லை.

— உதை இப்ப கதையாதையும். உள்ளை வரட்டாம். அங்கை பாரும், றோஸ்மரி படியாலை இறங்கிறா.

— தலை இன்னும் முடியேல்லை. கண் ரெண்டும் வீங்கிக் கிடக்கு.

— சட்டிக்குள்ளை என்னவெண்டு கேக்கிறா. நான் விளங்கப்படுத்திறன். தில்லை, எங்கை போறீர்? தில்லை, அவவை விடும். இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை.

— பிடிச்சிட்டன், இனி விடேலாது. அவவும் இறுக்கிப் பிடிச்சிருக்கிறா, உங்களுக்குத் தெரியேல்லையோ? கேளுங்கோ, அவவின்ரை தேப்பன் ஆர், எங்கை பிறந்தவ, என்ன பட்டவ.

— அதெல்லாம் ஏன் உமக்கு?

— தெரியாமல் என்னெண்டு ஒப்பாரி சொல்லுறது?

— ... தேப்பன் மலையிலை பாற்கட்டி செய்யிறவராம். ஏழு வயசிலை கோயில் பாட்டுக்குச் சேர்த்துப்போட்டு, குரல் கண்டுக்குட்டி கத்துற மாதிரியெண்டு ஃபாதர் கலைச்சுவிட்டாராம்.

— பிறகு?

— பதினெட்டிலை ஒரு கிற்றார்க்காரனோடை வீட்டை விட்டு ஓடினவ. அவனும் இடையிலை விட்டிட்டான். இருபது வருசம் சின்னச் சின்னக் குடித் தவறணையளிலை பாடினவ. சீட்டு விளையாடுற சனம், சத்தத்தைக் குறையெண்டு கத்துமாம். ஒரே ஒருத்தர்தான் எழும்பி, குறைக்கவேண்டாமெண்டு சொன்னவர். ஷெஃப். அவரைக் கட்டினவ.

— நல்ல மனிசன்தானே. பிறகேன் நிலவறை?

— கட்டின பிறகு அவரும் குறையெண்டு சொல்லத் துடங்கினாராம். நேற்றுத்தான் சீவியத்திலை முதல்தரம் ரீவிக்குக் கூப்பிட்டவை. நாலு நிமிசம் குடுத்தவை. பதினொரு நிமிசம் பாடிப்போட்டா. பாட்டிலை சொன்னது என்னெண்டால், என்ரை புருசன் செத்துப்போனார், இனி நான் சத்தமாப் பாடுவன். அவ்வளவுதானாம்.

— நான் சொன்னதுதானே.

— ஓம், நீர் சொன்னது சரி. அவ இங்கிலிசிலை பாடினதாலை ஷெஃப்பின்ரை சொந்தக்காரருக்கே விளங்கேல்லை. ஒருத்தரும் துக்கம் விசாரிக்க வரேல்லை.

— சரி. விலத்தி நில்லுங்கோ. "பாலுறையும் மலையிலை பிறந்த என்ரை பைங்கிளியே, கண்டுக்குட்டிக் குரலெண்டு கலைச்சினமோ கோயிலிலை..."

— மெதுவா, தில்லை. பக்கத்து வீட்டு யன்னல் திறக்குது.

— "சீட்டாடும் சபையிலை உன்ரை பாட்டுக்கு ஆரிருந்தார், இருந்தவனும் எழும்பிவந்து வாய்பொத்தச் சொன்னானோ..."

— றோஸ்மரியும் சேர்ந்து இழுக்கிறா. ஷெஃப் கதிரையிலை இருந்திட்டார். தன்னைப் பற்றி என்ன சொல்லுறீரெண்டு கேக்கிறார். நல்லதாச் சொல்லுறா எண்டு சொல்லிப்போட்டன்.

— "சங்கக் கடைக்கெண்டு சைக்கிள் எடுத்தியே, என்ரை அண்ணா, பனங்காணி ஓரத்திலை படுத்துக் கிடந்தியோ..."

— தில்லை, ஷெஃப்புக்கு ஏது பனங்காணி?

— "செருப்பொண்டு வந்துதாம் வீட்டுக்கு, சின்னண்ணை, நீ வரேல்லையாம்..."

— தில்லை.

— "நீ வரேல்லையாம், என்ரை ராசா, நீ வரேல்லையாம்..."

— சரி. சொல்லும். நான் யன்னலைச் சாத்திறன்.

— ... முடிஞ்சுது. மூக்குத் துடைக்க ஏதும் தாங்கோ.

— அவ மேசைத்துணியைத் தாறா, பிடியும். சின்னண்ணைக்கு நீர் இதுவரைக்கும் அழேல்லைத்தானே. ஆனியிலை ஊரிலையிருந்து அவர் செத்தாரெண்டு காயிதம் வந்தது. நான் நினைச்சன், நெஞ்சுரமாக்குமெண்டு.

— எங்கை வைச்சு அழுறது? அண்டைக்கு நான் இருமினதுக்கு மேல்வீட்டுக்காரி தும்புத்தடியாலை நிலத்திலை இடிச்சவ. பத்து மணிக்குப் பிறகு குளிக்கக்கூடாத வீட்டிலை ஒப்பாரி வைக்கேலுமோ? வாயைத் திறந்தால் காயிதம் போடுவாங்கள், காயிதம் போட்டால் காம்பு. முழுங்கிப்போட்டு இருந்தன். இவதான் கத்தவிட்டவ.

— ஷெஃப்பும் அழுதவர். இப்ப புட்டுச் சாப்பிடுறார்.

— அப்ப போமை எடுங்கோ.

— இப்பவோ?

— அழுது முடிஞ்சுதுதானே.

— ... கையெழுத்து வைக்கமாட்டாராம்.

— ஏனாம்?

— நாடு முழுக்கத் தான் செத்தது தெரியுமாம். செத்தவன் கையெழுத்து வைச்சால் கந்தோரிலை ஏற்பினமோ எண்டு கேக்கிறார்.

— பகிடி விடுறாரோ?

— இல்லை. மூண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு சொல்லுறார். அவருக்குச் சரியான கோவம். இனி நிலவறையாலை வெளியிலை வாறேல்லையாம், சாப்பாட்டை அங்கை இறக்கட்டாம்.

— கடவுளே, நாளைக்குப் பத்து மணி.

— பொறும், பொறும். றோஸ்மரி போமைப் பறிச்சிட்டா. கடையே அவவின்ரை பேரிலைதானாம், அவரிட்டை ஏன் கெஞ்சுறியளெண்டு பேசுறா. பேனை கேக்கிறா. தானே எல்லாம் நிரப்பித் தாறாவாம்.

— குடுங்கோ, மனம் மாறமுன்னம் குடுங்கோ.

— எங்கடை ரெண்டு பேற்றை அடையாள அட்டையையும் கேக்கிறா. இந்தாங்கோ. ... எழுதிறா. எழுதிறா. கையெழுத்தும் வைச்சிட்டா. உம்மடை கையைப் பிடிச்சு என்னவோ சொல்லுறா. சனிக்கிழமை எண்டது மட்டும் எனக்கு விளங்குது.

— சட்டியைத் திருப்பி எடுக்க வரச் சொல்லுறாவாக்கும். வெளிக்கிடுங்கோ. போயிட்டு வாறமெண்டு சொல்லிப்போடாதையுங்கோ.

— உயிரோடை இருந்து சாப்பிடுற மனிசனுக்கு முன்னாலையோ?

— செத்தவீடு செத்தவீடுதான். திரும்பிப் பாக்காமல் வாங்கோ.

— ... அப்பாடா. பஸ் வெறுமையாக் கிடக்கு, உந்த யன்னல் கரையிலை இரும். இப்ப போமை வாசிச்சுச் சொல்லும். நான் எழுத்துக்கூட்டி முடிக்க ஓஸ்டர்முண்டிகன் வந்திடும்.

— முதலாளி எண்ட இடத்திலை றோஸ்மரி. திகதி இருக்கு. கையெழுத்து இருக்கு.

— கோப்பை கழுவுறது எண்டு எழுதியிருக்கிறாவோ? போன போமிலை அந்தச் சொல்லு நீளமா வந்தது.

— நீளமான சொல்லு ஒண்டும் இல்லை. கடையின்ரை பேரும் இல்லை. நேற்றுக் கிற்றார்க்காரரின்ரை மேளத்திலை எழுதியிருந்த பேர் கிடக்கு.

— அவங்களோடை நான் என்னத்தைக் கழுவுறது?

— வேலையெண்ட இடத்திலை, நேற்று ரீவியிலை அவவின்ரை முகத்துக்குக் கீழை போட்ட அதே சொல்லு.

— பாடகியெண்டோ? தன்ரை வேலையை எழுதிப்போட்டாவோ, தில்லை? அப்ப போம் பிழைச்சுப்போச்சே. திரும்பிப் போவம், இறங்கும்.

— பிழைக்கேல்லை. இருங்கோ.

— என்ன பிழைக்கேல்லை?

— வேலை செய்யிறவரின்ரை பேர் எண்ட இடத்திலை என்ரை பேர்.