கடைமடைக்கும் கீழே

“ஹலோ... அப்பா? பலகையெ எடுக்கச் சொல்லுங்க.”

சமையற்கட்டில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த கமலாத்தாளின் கரண்டி நின்றது.

“...ஆமாங்க, மௌனிகாதானுங்க. ...சாப்ட்டனுங்க. ...அம்மா இங்கதான் இருக்கறாங்க. அதெல்லாம் இருக்கட்டுங்கப்பா, நாஞ் சொன்னது காதுல உழுந்துச்சுங்களா? ...ஆமா, ஆமா, நம்ம தடயணைதானுங்க. தண்ணியெ உடச் சொல்லிக் கேக்கறனுங்க.”

அந்த வீட்டில் பிறந்த பெண்ணும் சரி, வாக்கப்பட்டு வந்த பெண்ணும் சரி, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தண்ணீரை மட்டும் கேட்கக் கூடாது. கமலாத்தாள் புதுப்பெண்ணாக வந்த வருஷமே அதைக் கேட்டுவிட்டாள். ஆற்றில் இன்னும் கீழே, தன் பிறந்த வீட்டு வயல் காய்கிறது, ஒரேயொரு தடவை திறந்துவிடுங்கள் என்று மாமனாரிடம் போய் நின்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பதில் அவ்வளவுதான். அந்தக் கோடையில் அவளுடைய அண்ணன் கலப்பையைப் பரணில் ஏற்றிவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனார். பிறகு அவள் வாய் அந்தச் சொல்லுக்குத் திறந்ததே இல்லை. மகளுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தாள். படி, வேலைக்குப் போ, வேண்டுமானால் எதிர்த்தும் பேசு. இந்த வீட்டு ஆண்களிடம் தண்ணீர் மட்டும் கேட்காதே.

மகள் இன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

கேட்கப்பட்டவர் அர்த்தநாரி. கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் காயத்ரிப்புழைக்குக் குறுக்கே நிற்கும் தடயணையில், தண்ணீரை மறிக்கும் ஒரு பலகைகூட அவர் சொல்லாமல் அசையாது. நெல் விவசாயிகளின் பாடசேகர சமிதிக்கு அவர்தான் பிரசிடெண்ட். அன்றைக்கு அவர் அணையருகே இல்லை. மாநில எல்லையோரம் போட்டிருந்த சமரப் பந்தலில், போராட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். எல்லைக்கு அப்பால் மேலே அணை வைத்திருப்பவர்கள் தண்ணீர் விடவில்லை என்று அங்கே சமரம் நடந்துகொண்டிருந்தது.

“...ஹலோ? யாரு, அண்ணனா? ...நவீனண்ணா, நான் உன்னையக் கூப்புடல. போனை அப்பாகிட்டக் குடு. ...ஆமா, நத்தைக்குத்தான் தண்ணி கேக்கறேன். ஊரே சிரிக்குதுன்னா சிரிக்கட்டும், நீயும் சேர்ந்து சிரி. ...அது நத்தையில்ல, கக்கா. சேத்துச் சிப்பி. ...என்ன கருமமோ இருந்துட்டுப் போவுது, நீ போனைக் குடு.”

பந்தலில் போன் கை மாறுவதற்குள் அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மேலே அண்ணனின் பழைய சட்டை. வயலில் இறங்குகிறவளைப் போலக் காலையிலேயே அப்படி உடுத்திக்கொண்டிருந்தாள். கமலாத்தாள் பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை.

“...அப்பா, சோனா காத்தால கூப்புட்டா. ...பொன்னானி சோனாதானுங்க. அவங்க ஊட்லதானே நான் தங்கிப் படிச்சேன்.”

ஆறு கடலில் சேரும் இடத்தில் சோனாவின் வீடு. மலையாளத்தில் அந்த இடத்துக்கு அழிமுகம் என்று பேர். மேல்படிப்பின் கடைசி வருஷ ஆய்வுக்கு அழிமுகத்துக்குப் போகிறேன் என்று மௌனிகா முதன்முதலாகச் சொன்னபோது அர்த்தநாரி விழுந்து விழுந்து சிரித்தார். அழிஞ்ச மொகத்தைப் பார்க்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கேட்டார். அந்த வேடிக்கையை டீக்கடை, உரக்கடை, கல்யாண வீடு என்று ஓர் இடம் விடாமல் சொல்லித் திரிந்தார். சிரிப்புக்குள் பெருமையும் இருந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

“...இப்ப நெசமாலுமே அழிஞ்ச மொகந்தானுங்கப்பா. ...இல்லீங்க, வேடிக்கை பேசல.”

சோனா காலையில் சொன்னதையெல்லாம் அவள் கொட்டினாள். மழை பொய்த்ததால் மேலிருந்து ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. தள்ளிவிட ஆறு இல்லாததால் கடல் கொண்டுவந்த மணல் வாயை அடைத்துக்கொண்டது. உள்ளே தேங்கிய உப்புத் தண்ணீர் வெயிலில் இன்னும் உப்பேறிக் கிடக்கிறது. கடலே இந்த வருஷம் குளிக்கக் காய்ச்சிய தண்ணீர் மாதிரிச் சுடுகிறது. மத்தியானத்தில் மீன் மேலே வந்து காற்றுக்கு வாய் பிளக்கிறது. சேற்றுக்குள் கிடக்கும் கக்காவுக்கு மேலே வரவும் வழியில்லை. கிடந்த இடத்திலேயே ஓடு திறந்து சாகிறது.

“...சாந்தம்மாவெத் தெரியுமில்லீங்க? சோனாவோட அம்மா. நீங்க ஒருக்கா வந்தப்ப, கக்கா வறுத்து வெச்சு, வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லத் தட்டுல போட்டாங்களே. ...ஆமா, அவங்கதான். நீங்களும் ரெண்டாந்தரம் வாங்கித் தின்னீங்க. அவங்க இப்பத் தண்ணியிலயே எறங்கறதில்லீங்களாமா. ...ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. கால்லதானே தடவி எடுப்பாங்க. கால் வெச்ச எடமெல்லாம் வெறும் ஓடா நொறுங்குதாமா. அந்தச் சத்தத்தெக் கேக்க முடியலீங்கிறாங்களாமா.”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“...அழுகலீங்க. ...அழுதாத்தான் என்னங்க இப்ப?”

சாந்தம்மாளோடு அவளும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறாள். சின்னக் கக்கா கையில் வந்தால் சாந்தம்மாள் அதைத் திருப்பிப் போடுவாள். போடும்போது, போய்ப் பெரிசாகி வா என்று பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி ஏதாவது சொல்வாள். அந்தச் சின்னதுகள்தான் இப்போது முதலில் செத்தன. ஆற்றுப்பக்கத்து மூலையில் மட்டும் கொஞ்சம் குஞ்சுகள் இன்னும் ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கின்றன. அவை போனால் விதைக்குக்கூட ஒன்று மிஞ்சாது.

“...அதைத்தானுங்க சொல்றேன். நல்ல தண்ணி கொஞ்சம் போயிச் சேந்தா அந்தக் குஞ்சு பொழைக்கும். அடைச்சிருக்கற மணலும் ஒடையும். ...தெரியுங்க. வழியில மணலே குடிச்சுருமுங்க. நம்ம தண்ணி மட்டும் போனா ஆலத்தூரைத் தாண்டாதுன்னு எனக்குந் தெரியுமுங்க. கீழ இருக்கறவங்களும் சேந்து தொறந்தாப் போகுமில்லீங்க? ...கேட்டமுங்க. நானும் சோனாவும் போன வாரம் பழையன்னூரு, மாயன்னூரு, எல்லாத் தடயணைக்கும் போய்க் கேட்டம். ...ஏனுங்க, கேட்டா என்ன, வாய் வெந்துருங்களா?”

எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது. மேல்மடை திறக்காமல் கீழ்மடை திறப்பது ஆற்றோரத்தில் வழக்கமில்லை. மேலே இருக்கிற கொல்லங்கோட்டுக்காரர் முதல் பலகையை எடுக்கட்டும், எங்கள் பலகை தானாக எழுந்துகொள்ளும் என்றார்கள். அவர் பெண்தான் நான் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

“...ஹலோ, ஹலோ, கேக்கலீங்க. பின்னால மைக் கத்துது. சித்த தள்ளி வாங்க. ...இல்லீங்க, இருங்க. தள்ளி வராதீங்க. அங்கயே நில்லுங்க.”

அவள் போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். முகம் மாறியது.

“...‘கடைமடைக்கும் தண்ணி கொடு.’ அதானுங்களே கத்தறாங்க? நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே? ‘கடைமடை காஞ்சா மேல்மடைக்குப் பாவம்.’ நான் சின்னதுல இருந்து கேக்கறனுங்க. எந்த மேடையில ஏறுனாலும் அதுதானுங்க உங்க மொதப் பேச்சு. ...ஆமா, ஆமா, நாயந்தானுங்க. நான் நாயமில்லீன்னா சொன்னேன்? நம்மளுக்குக் கீழயும் ஒரு கடைமடை இருக்குதுங்கப்பா.”

கமலாத்தாள் சமையற்கட்டு நிலையில் வந்து நின்றாள்.

“...அந்தூரெல்லாம் இல்லீங்க. அதுக்கும் கீழ. ...அதுக்கும் கீழதானுங்க. ...கடலு.”

எதிர்முனையில் அவர் சிரித்திருக்க வேண்டும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள்.

“...சிரிச்சு முடிச்சீங்களா? கடலே தண்ணிதானே, அதுக்கெதுக்குத் தண்ணின்னு எல்லாருந்தான் கேக்கறாங்க. கடலுக்குப் போற தண்ணி வீண்னு நானும் பன்னண்டாவது வரைக்கும் அப்படித்தானுங்க எழுதி மார்க் வாங்குனேன். வீணில்லீங்கப்பா. ஆறு போய்ச் சேர்ற எடத்துல ஒரு ஊரே அதைக் குடிச்சுத்தான் பொழைக்குது. மனுசரும் மீனும் கக்காவும். மேல இருக்கறவங்க நம்மளையும் இப்படித்தானுங்க சொல்றாங்க. எல்லைக்கு அக்கட்டால போற தண்ணி வீண்னு. ...சொல்றாங்களா இல்லீங்களா? ...அதுக்குத்தானுங்களே நீங்க பந்தல்ல உக்காந்திருக்கறீங்க.”

போனில் மைக் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கையில் அவளுக்குள் ஓர் ஆசை துளிர்த்தது. சின்ன வயதில், கோபமாகத் திட்டிவிட்டுப் பிறகு மிட்டாய்ப் பொட்டலத்தோடு வருவாரே, அந்த அப்பா இப்போது வந்துவிடுவார் போலிருந்தது.

“...அப்பா? ...சொல்லுங்கப்பா.”

வந்தது நெல்.

“...தெரியுங்க. ...ஆமாங்க, பாத்தனுங்க. நேத்துப் பொழுதோட வரப்புல நடந்துட்டுத்தான் வந்தேன். கருது பால் புடிக்குது. நசுக்கிப் பாத்தேன், நகத்துல ஒட்டுது. ...இப்பத் தண்ணி நின்னாப் பதராத்தான் போகுமுங்க. நம்மது மட்டுமில்ல, ஈஸ்வரன் மாமா வயலும் போகும். ...தெரிஞ்சுதானுங்கப்பா கேக்கறேன். தெரியாமக் கேட்டா நீங்க திட்டலாம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் சட்டைக் காலரில் இறங்கியது.

“...ஒரு போகம் போனா நம்ம மறுபடி வெதைக்கலாமுங்க. குதிருல வெதநெல் இருக்குது. அவங்களுக்கு வெதையே அந்த மூலையில கெடக்கறதுதான். அது செத்துப்போனா எங்க போயி வாங்குவாங்க? ...மேல இருந்து தண்ணி வரட்டும், அப்பறம் தொறக்கறீங்களா? ...அறுப்பு முடிஞ்சதுக்கப்பறமா? ...அப்பா, மேல இருக்கறவங்களும் உங்களுக்கு இதையேதானுங்களே சொன்னாங்க. எங்க பயிரு முடியட்டும், மழை வரட்டும், மிச்சமிருந்தா உடறம்னு. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து நீங்க சோறு திங்கல. ஞாபகமிருக்குதுங்களா? தட்டெத் தள்ளி வெச்சுட்டு அம்மாகிட்டச் சொன்னீங்க, மிச்சத்தெக் குடுக்கறவன் பிச்சை போடறவன், நாயஞ் செய்யறவனில்லீன்னு. ...நாந்தான் பக்கத்துல இருந்தேன். எனக்கும் அன்னிக்குச் சோறு எறங்கல.”

அடுத்து அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். கமலாத்தாள் பார்த்ததெல்லாம் மகளின் கை ஜன்னல் கம்பியிலிருந்து நழுவி விழுந்ததைத்தான்.

“...என்னங்கப்பா? ...இன்னொருக்காச் சொல்லுங்க. ...இல்லீங்க, வேண்டாம். கேட்டுருச்சு.”

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“...செரீங்க. உங்க மக இல்லீன்னே வெச்சுக்குங்க. ...அம்மாவெத் திட்டாதீங்க, அவங்க எனக்குச் சொல்லிக் குடுக்கல. கேக்காதேன்னுதான் சொல்லி வளத்தாங்க. அவங்க பேச்சை நாந்தான் மீறுனேன். ...ஆமா, மீறித்தான் போட்டேன். ...படிக்க வெச்சது உங்க தப்புத்தானுங்க. நான் இல்லீங்கல.”

குரலில் கோபம் வடிந்துபோயிருந்தது. கோபம் இருந்தால் அவரோடு இன்னும் ஒரு மணி நேரம்கூடச் சண்டை போடுவாள். அது போன பிறகு பேச ஒன்றுமில்லை.

“...அப்பா, வெயில்ல உக்காராதீங்க. மாத்திரையெ அண்ணன்கிட்டக் கேட்டு வாங்கிப் போட்டுக்குங்க. ...இல்லீங்க, கேட்டு முடிச்சுட்டனுங்க. இனி உங்ககிட்டக் கேக்க மாட்டேன். ...எங்கயும் போகலீங்க. ...ஆத்துக்குத்தான்.”

போனை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மேசைமேல் மல்லாக்க வைத்தாள். பாட்டிலுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி அதிலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. மௌனிகா, மௌனிகா என்று கூப்பிடுவதுபோலவும் இருந்தது.

ஊறி உப்பிய பலகையை ஓர் ஆளால் எடுக்க முடியாது. பலகை இறங்கும் இரண்டு பக்கத்துக் காடியிலும் இரண்டு பேர் கொக்கி போட்டு ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். மாடு கட்டும் தொண்டுபட்டிச் சுவரில் எப்போதும் தொங்கும் அந்த இரண்டு இரும்புக் கொக்கிகளும், அவள் போனைக் கையில் எடுப்பதற்கு வெகு நேரம் முன்பே அங்கிருந்து இறங்கி வந்து வாசற்படியில் சாய்ந்திருந்தன. அவர் சம்மதித்திருந்தால் திருப்பிக் கொண்டுபோய் மாட்டியிருப்பாள்.

இரண்டையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நிலையில் நின்ற அம்மாவின் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வா என்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் கேட்க வேண்டியதையெல்லாம் இன்றைக்குக் கேட்டாகிவிட்டது.

வெயில் வாசலில் விரித்த துணி போலக் கிடந்தது. வரப்பின் இருபக்கமும் பச்சைக் கருதுகள் பால் கனத்தில் தலை சாய்த்து நின்றன. அவற்றைப் பார்க்காமல் நடப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். முடியவில்லை, ஒரு கருதைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பின்னால், வீட்டுக்குள், அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம்.