வாழைப்பழப் படகில் மாமா

சங்கீதா: மாமாவை மட்டும் எடுத்துடு.

ரக்ஷனா: முடியாதும்மா. மாமா பொம்மையை ஷூ பாக்ஸ்ல ஒட்டியாச்சு.

சங்கீதா: காயறதுக்குள்ள எடுத்துடலாம். கையைத் தள்ளு.

ரக்ஷனா: மத்தியானமே காஞ்சுடுச்சு. இழுத்தா கடலும் சேர்ந்து வரும்.

சங்கீதா: வரட்டும். வேற கடல் வாங்கிக்கலாம்.

ரக்ஷனா: இது வாங்கினது இல்ல. அப்பாவோட நீலச் சட்டை.

சங்கீதா: எந்த நீலச்... ஐயோ, அது தீபாவளிச் சட்டைடி!

ரக்ஷனா: அப்பாதான் குடுத்தாங்க. பிடிக்கலையாம்.

சங்கீதா: என்கிட்ட ரொம்பப் பிடிச்சிருக்குன்னாரே... சரி, அதை அப்புறம் பாத்துக்கறேன். பிடிச்ச ஹாலிடே எடத்தைச் செஞ்சுட்டு வான்னுதானே உங்க டீச்சர் மிஸ் லிம் சொன்னாங்க? சிங்கப்பூருக்குள்ளயே செந்தோசா பீச் இருக்கே, அதைச் செஞ்சிருக்கலாம்ல?

ரக்ஷனா: பாதி கிளாஸ் செந்தோசாதான்.

சங்கீதா: நீயும் பாதியில சேர்ந்துக்க வேண்டியதுதானே. மலேசியாவுல லங்காவியாம். மேல மார்ச் மாசம்னு வேற எழுதி வெச்சிருக்கே.

ரக்ஷனா: மார்ச்லதானே போனோம்.

சங்கீதா: போனோம். இல்லைன்னு சொல்லலை. ஆனா பனானா போட்ல நாம மூணு பேர் போதும். நாலாவது ஆளு எதுக்கு?

ரக்ஷனா: மாமாதானே முன்னாடி உக்காந்து கத்தினாங்க.

சங்கீதா: அவரு கத்தினது ஷூ பாக்ஸ்ல கேக்காது. நாளைக்கு எல்லா பேரண்ட்ஸும் வர்றாங்க. மிஸ் லிம் ஒவ்வொரு பெட்டியா நின்னு கேப்பாங்க, இது யாரு, அது யாருன்னு. நீ என்ன சொல்வே?

ரக்ஷனா: மாமான்னு சொல்வேன்.

சங்கீதா: அதான்டி பிரச்சினையே! ...பெல் அடிக்குது. மாமாதான். இங்க பாரு, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

ரக்ஷனா: எந்த வார்த்தை?

சங்கீதா: எந்த வார்த்தையும்... வாங்கண்ணே! ட்ரெயின்ல கூட்டமா?

நடேசன்: தோ பாயோவுல ஏறினது, ஈசூன் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன். ஒருத்தனும் எடம் குடுக்கலை. என்னைப் பாத்தா இன்னும் சின்னப் பையனாத் தெரியுது போல. இந்தா மருமகளே, க்ளூ கன். எங்க நம்ம லங்காவி? ...அடடே! முன்னாடி உக்காந்திருக்கறது நானா?

ரக்ஷனா: ஆமா மாமா.

நடேசன்: மீசை அச்சு அசலா இருக்கே! எதுல செஞ்சே?

ரக்ஷனா: பழைய டூத் பிரஷ்.

நடேசன்: தொப்பைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

ரக்ஷனா: அதுவும் அச்சு அசல், மாமா.

சங்கீதா: அண்ணே, போட்ல பாரம் அதிகமா இருக்கு. ஒருத்தரை எறக்கிடலாமான்னு பாக்கறோம்.

நடேசன்: யாரை?

சங்கீதா: ...உங்களை.

நடேசன்: ஏன், மாப்பிள்ளையை எறக்கு. அவருதான் நடுக்கடல்ல எறங்கறேன்னு அழுதாரு.

சங்கீதா: அவரு உயிரோட... இல்லண்ணே, அவரு அப்பாவாச்சே.

நடேசன்: உயிரோடன்னு என்னமோ சொல்ல வந்தியே?

சங்கீதா: கோப்பி குடிக்கறீங்களா?

நடேசன்: சங்கீதா...

சங்கீதா: கோப்பி-ஓவா, பால் ஊத்தவா?

நடேசன்: ரக்ஷனா, நீ சொல்லு.

ரக்ஷனா: எந்த வார்த்தையும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க.

நடேசன்: வார்த்தை வேண்டாம். நடிச்சுக் காட்டு. ...என்ன, கண்ணை மூடிக்கிட்டு, நாக்கை வெளியில தள்ளி... நான் தூங்கறேனா?

சங்கீதா: போதும்டி, எழுந்திரி. ...அண்ணே, அவ ஸ்கூல்ல நீங்க இறந்துட்டீங்க.

நடேசன்: எப்ப?

சங்கீதா: மார்ச்ல.

நடேசன்: எப்படி?

சங்கீதா: ஹார்ட் அட்டாக். தூக்கத்துலயே. கஷ்டப்படலை.

நடேசன்: அது வரைக்கும் நல்லது.

சங்கீதா: ஷிப்யார்ட்ல இவ அப்பாவுக்கு அந்த ஒரு வாரம்தான் லீவு குடுத்தாங்க. இவளுக்கு ஸ்கூல் நடக்குது. லங்காவிக்குப் போறோம்னா விடுவாங்களா? காய்ச்சல்னா டாக்டர் எம்சி கேப்பாங்க. அதான், ஊர்ல மாமா தவறிட்டாரு, குடும்பத்தோட போகணும்னு...

நடேசன்: ஊர்லயா? நான் பட்டுக்கோட்டைப் பக்கம் போயே எவ்வளவு வருஷமாச்சு.

சங்கீதா: தெரியும்ணே.

நடேசன்: சாகறதுக்காவது போனேனே.

ரக்ஷனா: மிஸ் லிம் ஃபோன்கூட பண்ணாங்க மாமா. நாம பீச்ல இருந்தப்ப.

சங்கீதா: நீ சும்மா இரு.

ரக்ஷனா: பின்னாடி நீங்க "யாருக்கெல்லாம் இளநீர்"னு கத்தினீங்க.

நடேசன்: ஓ... அதான் அன்னிக்கு உங்கம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாளா?

சங்கீதா: யாரு சத்தம்னு கேட்டாங்கண்ணே. இறந்தவரோட தம்பின்னு சொல்லி வெச்சேன்.

நடேசன்: இழவு வீட்டுல இளநீர் விக்கற தம்பி. சரி, ஏன் நான்? மாப்பிள்ளை பக்கம் ஆளே இல்லையா? அவரு சித்தப்பா ஒருத்தர் எப்பவும் ஆஸ்பத்திரியிலதானே இருக்காரு?

சங்கீதா: அவரைத்தான் சொல்லலாம்னேன். "என் பக்கத்துல ஒருத்தரையும் தொடாதே"ன்னுட்டாரு.

நடேசன்: நம்ம பக்கத்துல?

சங்கீதா: நீங்கதானேண்ணே தனிக்கட்டை. அண்ணி, பிள்ளைங்கன்னு இருந்தா அவங்க காதுல விழுந்து மனசு கஷ்டப்படும். உங்களுக்குன்னா அழறதுக்கு யாரும்... நான் அப்படிச் சொல்ல வரலைண்ணே.

நடேசன்: கோப்பி-ஓ. சீனி வேண்டாம்.

சங்கீதா: சும்மா ஒண்ணும் விடலை நான். சைனாடவுன் மாரியம்மன் கோயில்ல உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணேன், ஆயுசு கெட்டியா இருக்கணும்னு.

நடேசன்: அதான் திடீர்னு ஃபோன் பண்ணி நட்சத்திரம் கேட்டியா? பொண்ணு பாக்கறேன்னுல நெனச்சேன்.

சங்கீதா: இந்த வயசுலயா?

நடேசன்: செத்ததுக்கு அப்புறம் கஷ்டம்தான். ...சரி, இப்ப நான் என்ன செய்யணும்?

சங்கீதா: மீசையைப் பிச்சுட்டு ஒரு தொப்பி வெச்சுட்டாப் போதும். போட்காரங்க அனுப்பின கைடுன்னு சொல்லிடலாம். வெள்ளிக்கிழமையானா அந்த ஸ்கூல்லதான் பிள்ளைங்களுக்கு நான் கதை சொல்றேன், பேரண்ட் வாலண்டியரா. இது தெரிஞ்சா மிஸ் லிம் முகத்துல எப்படி முழிப்பேன்?

நடேசன்: என்ன கதை?

சங்கீதா: ...நன்னெறிக் கதை.

நடேசன்: ம். கட்டரை எடு, மருமகளே. மீசைதானே, போகட்டும்.

ரக்ஷனா: தொடாதீங்க மாமா.

சங்கீதா: அவரே சரின்னுட்டாரு, உனக்கென்ன?

ரக்ஷனா: தொடாதீங்கன்னா தொடாதீங்க! நீங்க யாரும் கிளாஸ்ல இல்ல. நான்தான் இருந்தேன்.

நடேசன்: கிளாஸ்ல என்ன ஆச்சு?

ரக்ஷனா: நான் திரும்பிப் போன அன்னிக்கு மிஸ் லிம் எல்லாரையும் எழுந்து நிக்கச் சொன்னாங்க. ஒரு நிமிஷம். மாமாவுக்காக.

சங்கீதா: இதை ஏன்டி என்கிட்ட சொல்லலை?

ரக்ஷனா: ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்க. ஸ்பெல்லிங் டெஸ்ட்னு சொன்னேன். அதுவும் நடந்துச்சு.

நடேசன்: எல்லாருமா நின்னாங்க?

ரக்ஷனா: ம். நானும் நின்னேன்.

நடேசன்: சிரிப்பு வரலை உனக்கு?

ரக்ஷனா: வந்துச்சு. பக்கத்துல ஃபர்சானா அழுதா. அப்புறம் வரலை.

நடேசன்: எனக்காகவா? அந்தப் பொண்ணு என்னைப் பாத்ததுகூட இல்லையே.

ரக்ஷனா: அவ அத்தா, அதான் அவ அப்பா, போன வருஷம் இறந்துட்டாங்க. ...நிஜமா. அன்னிலேருந்து ரிசஸ்ல சாப்பிடறப்ப என் பக்கத்துலதான் உக்கார்றா. மத்தவங்களுக்கு இதெல்லாம் புரியாதாம். எனக்குத்தான் புரியுமாம். அவ கறிபாப்ல பாதி எனக்குக் குடுத்துடுவா.

சங்கீதா: நீ வாங்கித் தின்னியா?

ரக்ஷனா: வேண்டாம்னா, "நீ சாப்பிடணும், நானும் அப்ப சாப்பிடாமதான் இருந்தேன்"கறா.

நடேசன்: என்ன பேசுவீங்க ரெண்டு பேரும்?

ரக்ஷனா: மாமா கனவுல வர்றாங்களான்னு கேப்பா. அவ அத்தா வர்றாங்களாம், ஆனா பேச மாட்டாங்களாம். உன் மாமா பேசறாங்களான்னு கேட்டா.

நடேசன்: நீ என்ன சொன்னே?

ரக்ஷனா: நிறுத்தவே மாட்டாங்கன்னு சொன்னேன். அவ "உனக்கு லக்கி"ன்னா.

சங்கீதா: சரிடா கண்ணு... இதை நான் மெதுவா மிஸ் லிம்கிட்ட பேசறேன். அடுத்த வாரம். இப்போதைக்கு மீசையை மட்டும் எடுத்துட்டா நாளைக்கு ஒரு நாள் தாண்டிடும். ஃபர்சானாவுக்கும் தெரிய வேண்டாம். பாவம், அந்தப் பிள்ளை மனசு ஏன் கஷ்டப்படணும்?

நடேசன்: கட்டரைக் கீழ வை சங்கீதா.

சங்கீதா: நீங்க சொல்லுங்கண்ணே இவளுக்கு. ஊர்ல எவ்வளவு எடம் இருக்கு! இந்த லங்காவியைத்தான் கொண்டு போய் வெக்கணுமா? அப்படி என்னடி உனக்குப் பிடிச்சுப் போச்சு அதுல?

ரக்ஷனா: பிடிக்கவே இல்லம்மா. போட்ல வாந்திதான் வந்துச்சு. ஃபர்சானாகிட்ட சொல்லிடணும்னு தினமும் நெனைப்பேன்... அவ கறிபாப்பைப் பிச்சு நீட்டுவா, வாய் வராது. இதைப் பாத்தா மாமா சாகலைன்னு அவளே தெரிஞ்சுக்குவால்ல... அதான் செஞ்சேன்.