சிவப்புத் தெரிந்தால் இறங்குவோம்

இறைவேண்டலோடு இந்தக் கூட்டத்தைத் தொடக்கிவைத்த அருட்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செலீன் அம்மையாரின் கணவர் கஸ்பர் அவர்களே, மகள் ஸ்டெபனி அவர்களே, புதன்கிழமையிலிருந்து விடாமல் பெய்யும் மழைக்குள்ளால் வந்து, ஈரக்குடைகளைக் கதிரைக்கடியில் வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே, உங்கள் எல்லோருக்கும் ஸ்காபரோ ஆற்று மீன்பிடிக் கழகத்தின் சார்பில் வணக்கம்.

நான் சண்முகலிங்கம், கழகத்தின் தலைவர். தலைவர் என்றால் மண்டபம் எடுக்கவும், வங்கியில் கையெழுத்து வைக்கவும், இப்படி மைக்கைப் பிடிக்கவும் ஓர் ஆள். ஆற்றங்கரையில் எங்களுக்கு ஒரே தலைவர்தான் இருந்தார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது.

யார் இந்தச் செலீன்? இங்கிருக்கும் பெண்களைக் கேட்டால் வோபர்னில் அழகு நிலையம் வைத்திருந்தவர், எங்கள் வீட்டு மணப்பெண்ணை அலங்கரித்தவர் என்பார்கள். இங்கிருக்கும் ஆண்களைக் கேட்டால் எங்களை ஆற்றங்கரையில் நிற்கவைத்து ஏசியவர் என்பார்கள். இரண்டும் உண்மை. விடிய முதல் ஆற்றில் நின்றுவிட்டு, பத்து மணிக்கு மணப்பெண்ணின் முகத்துக்குப் பூச்சுப் பூச அவரால் முடியும். ஒருமுறை ஒரு மணப்பெண்ணின் தாயார் மூக்கைச் சுளித்து, இது என்ன மணம் என்று கேட்டாராம். புதிதாக வந்த கொரியன் கிரீம் என்று சொல்லிவிட்டு, செலீன் வேலையைத் தொடர்ந்தாராம். அந்தத் தாயாரும் இன்று வந்திருக்கிறார், சிரிக்கிறார், நான் பார்க்கிறேன்.

மன்னாரில் பிறந்தவர், ஆகவே மீன்பிடி இரத்தத்தில் ஊறியது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். “என்ர அப்பாவுக்குத் தபாற்கந்தோரில வேலை. நாங்கள் மீனைச் சந்தையில வாங்கித்தான் சாப்பிட்டனாங்கள்” என்பார். நாற்பது வயதுக்குப் பிறகு, இந்த நாட்டு ஆறுகளில், இந்த நாட்டுக் குளிரில், தானாக நின்று பழகியது அவருடைய மீன்பிடி.

பழகியது எந்த மீனை? ஸ்ரீல்ஹெட்டை. மீன்பிடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றில் பிறந்து, ஒன்ராறியோ ஏரிக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆறேறி வரும் ரௌற் மீன் அது. நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காது. மழை பெய்தால் ஒரு குணம், வெயில் எறித்தால் ஒரு குணம், தண்ணீர் குளிர்ந்தால் இன்னொரு குணம். அதைப் பிடிக்கப் போகிறவர் தன் பிடிவாதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்களில் எத்தனை பேர் அப்படிப் போனோம்?

செலீன் போனார். அவருடைய இடதுகால் றப்பர் சப்பாத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதோ, அவருடைய படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதன் நுனியில் பூசியிருப்பது மணப்பெண்களுக்குப் போடும் கடுஞ்சிவப்புக் கியூடெக்ஸ், நகப்பூச்சு. ஆற்றங்கரைக்குப் போனதும் தூண்டிலைத் தொடமாட்டார். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, குனிந்து தன் கால்நுனியைப் பார்ப்பார். சிவப்புப் பளிச்சென்று தெரிந்தால் தண்ணீர் தெளிவு, மீனுக்கும் நாங்கள் தெரிவோம். மெல்லிய நூலும், இரைக்கு மீன்முட்டை கட்டிய சின்னப் பொட்டலமும் போட்டு, வாயை மூடிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். சிவப்பு மங்கித் தெரிந்தால் அதுதான் நல்ல நாள். பெரிய பொட்டலமாகக் கட்டிப் போடலாம். சிவப்பே தெரியாவிட்டால் ஆறு கலங்கிப் பெருகுகிறது, இறங்கினால் ஆபத்து. அப்போது அவரிடம் ஒரே பேச்சுத்தான் இருக்கும். “வீட்ட போவம்.”

விடிய முதல் எழும்பி, 401 நெடுஞ்சாலையில் போர்ட் ஹோப் ஆற்றங்கரை வரை காரில் போய், ஒரு வீச்சும் வீசாமல் திரும்பி வருவதென்றால் எப்படி இருக்கும்? முணுமுணுத்தோம். முகத்தைத் தூக்கி வைத்தோம். ஆனாலும் திரும்பி வந்தோம், ஏனென்றால் காரில் ஏறும்வரை அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

அண்மைக்காலமாக வசந்தம் முந்தி வருகிறது. ஏப்ரல் நாலாம் சனிக்கிழமை எங்களுக்கு மீன்பிடிப் பருவம் திறக்கும்போது, மேலே ஏறிய மீனில் பாதி முட்டையிட்டு முடித்து ஏரிக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். நாங்கள் வழக்கமான மேல்மடுக்களில் நின்று, காலம் கெட்டுப் போச்சு என்று புலம்பினோம். செலீன் கதிரையைத் தூக்கிக்கொண்டு கீழே நடந்தார். ஏரியை நோக்கிப் போகும் மீனை வழியிலேயே சந்தித்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். “மீன் தன்ர நேரத்துக்குத்தான் போகுது. நாங்கள்தான் பழைய கலண்டரோட நிக்கிறம்” என்றார்.

எங்கள் செயலாளர் சேதுராமன் அவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று நேற்றுக் கேட்டேன், கட்டாயம் சொல்லுங்க சார் என்றார். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து, ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி, கழகத்தில் சேர்ந்த புதிது. அன்று இரவு முழுக்க மழை. செலீன் தன் கால்நுனியைப் பார்த்தார், வீட்டுக்குப் போகச் சொன்னார். எல்லோரும் மூட்டை கட்டினோம். சேதுராமன் மட்டும், “மேடம், நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அவர் அங்கே போய் நிற்கத் தண்ணீர் ஏறியது. முழங்காலில் நின்றது இடுப்புக்கு வந்தது. நேரே கரைக்கு வரப் பார்த்தார், கால் எடுபடவில்லை. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினோம். செலீன் கத்தவில்லை. நேரே வராதே, தண்ணீர் போகிற பக்கமாகவே சரிந்து சரிந்து வா என்று சொல்லிச் சொல்லி, அவருக்குச் சமமாகக் கரையில் நடந்தார். வளைவில் வலையின் நீளப் பிடியை நீட்டி அவரைப் பிடித்து ஏற்றினார். ஏற்றிவிட்டு ஏசவும் இல்லை. போத்தலில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஆறு உங்கட லீவைப் பாத்து ஓடுறேல்லை.” சேதுராமனின் இரண்டு பிள்ளைகளும் இன்று பின்வரிசையில் இருக்கிறார்கள். எங்கள் கழகத்திலிருந்து ஆற்றுக்குப் போன எல்லோரும் வீடு திரும்பியிருக்கிறோம். அதைவிட ஒரு கழகத்துக்கு என்ன பெருமை வேண்டும்?

போன இலையுதிர் காலத்தில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றியதில் விரல்கள் மரத்துப் போயின, நூலில் முடிச்சுப் போட முடியவில்லை. நாங்கள் பரிதாபப்பட்டோம், அவர் படவில்லை. மீன் மணமே ஆகாத ஸ்டெபனியைப் பக்கத்தில் இருத்தி, முகக்கவசம் போடவிட்டு, முடிச்சுப் போடப் பழக்கினார். தண்ணீரில் நிற்கமுடியாத அன்று கரையில் கதிரை போட்டு இருந்தார். கதிரையிலும் இருக்க முடியாத அன்று, காரில் கஸ்பருக்குப் பக்கத்தில் இருந்து, கண்ணாடியை இறக்கி எங்களை ஏசினார்.

மாசி மாதம் வைத்தியர் இன்னொரு மருந்து இருக்கிறது, முயன்று பார்க்கலாம் என்றாராம். செலீன் எல்லாவற்றையும் கேட்டாராம். எவ்வளவு காலம் கூடும், எவ்வளவு நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். கேட்டு முடித்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பிச் சொன்னாராம். “இவ்வளவும் காணும், இஞ்சருங்கோ. வீட்ட போவம்.”

 

அந்தச் சொல்லைக் கேட்டு ஆற்றங்கரையில் முகம் சுளித்தவர்கள் நாங்கள். கஸ்பர் உடனே போய்க் காரை எடுத்து வந்தார். பங்குனி முழுவதும் செலீன் தன் வீட்டில், தன் யன்னலோரத்தில், தன் பிள்ளையின் கையைப் பிடித்தபடி இருந்தார். நோவு இருந்தது, பயம் இருக்கவில்லை என்று ஸ்டெபனி என்னிடம் சொன்னார்.

அன்பர்களே, நாளை ஏப்ரல் நாலாம் சனிக்கிழமை. செலீன் நினைவாக எல்லோரும் ஆற்றில் இறங்குவது என்று முடிவு செய்திருந்தோம். அவருடைய படம் போட்ட ரீசேட் அடித்தாயிற்று. மொன்றியலில் இருந்துகூட ஆட்கள் வந்துவிட்டார்கள். சாப்பிட றோல்சும் பற்றீசும் சொல்லியாயிற்று. மழைதான் நிற்கவில்லை. நேற்றிலிருந்து எங்கள் வாட்சப் குழுவில் ஒரே சண்டை. போகலாம், அக்கா மேலிருந்து பார்ப்பா, ஒண்டும் நடக்காது என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்ப்பார், உண்மைதான். பார்த்து என்ன செய்வார்? எங்களை நாறநாற ஏசுவார். ஆனாலும் இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையோடு வந்திருக்கும்போது நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மண்டப வாசலுக்கு வரும்வரை நான் முடிவெடுக்கவில்லை.

வாசலில் கஸ்பர் நின்றார். உங்களுக்குத் தெரியும், எங்கள் பயணம் ஒன்றையும் தவறவிடாதவர், ஒருநாளும் கரைக்கு இறங்காதவர். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும் என்று காருக்குள்ளேயே சீற்றைச் சாய்த்து வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். இன்று மத்தியானம் அவர் தனியாகப் போர்ட் ஹோப்புக்குக் காரில் போயிருக்கிறார். இந்தச் சப்பாத்துக்குள் ஒரு கல்லைப் போட்டு, மனைவியின் வலைப்பிடியில் கட்டி, மழைக்குள் கரையில் குந்தியிருந்து, முழங்கால் அளவு தண்ணீரில் அதை இறக்கியிருக்கிறார். திரும்பி வந்து, ஈரம் சொட்டச் சொட்ட அதைப் படத்தருகில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “லிங்கம் அண்ணை, வடிவாப் பாத்தனான். சிவப்புத் தெரியேல்லை.”

ஆகவே, கழகத்தின் தலைவராக இன்று என் முதல் முடிவை அறிவிக்கிறேன். நாளை யாரும் ஆற்றில் இறங்கமாட்டோம். ரீசேட்டைப் போட்டுக்கொண்டு மத்தியானம் இதே மண்டபத்துக்கு வாருங்கள், றோல்சை இங்கே சாப்பிடுவோம். இனிக் கழகத்தின் ஒவ்வொரு பயணத்திலும் எங்கள் கால்களுக்கு முன்னால் இந்தச் சப்பாத்துத்தான் தண்ணீரில் இறங்கும். கியூடெக்ஸ் மங்கினால் ஸ்டெபனி பூசுவார். பார்க்கும் பொறுப்பைக் கஸ்பர் ஏற்றிருக்கிறார். சிவப்புத் தெரிகிற நாளில், அவர் சொல்லுகிற நாளில், செலீனின் பெயரைச் சொல்லி எல்லோரும் இறங்குவோம்.

வெளியே மழை இன்னும் விடவில்லை. வாகனத்தை மெதுவாக ஓட்டுங்கள். வாருங்கள், வீட்ட போவம்.