தொட்டிக்கு எது பின்பக்கம்?

— மீன் தொட்டிக்குப் பின்னால ஒட்ட இந்தக் கடல் படம் வேண்டாம்மா. பவளப்பாறையாம், ஆமையாம்! எங்க தொட்டியில இருக்கிறது ஒரே ஒரு தங்கமீன். அதுக்கு எதுக்கு இத்தனை சொந்தக்காரங்க?

— சரிங்க ஐயா, காட்டுப் படம் இருக்கு. பச்சைப்பசேல்னு எவ்வளவு அழகு பாருங்க.

— மீன் மரம் ஏறுமா? யாரை ஏமாத்துற?

— ஐயோ, கத்தி கையில இருக்கும்போது சிரிக்க வைக்காதீங்க! அப்போ வெறும் கறுப்பு எடுத்துக்குங்க. மீன் தகதகன்னு தெரியும்.

— கெட்டியா இருக்குமா? அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியக்கூடாது. நீ பின்னால கையை வை, பார்ப்போம். கடைக்காரங்க வாய்ச்சொல்லை நான் நம்புறதில்ல.

— வச்சாச்சு. எத்தனை விரல்?

— மூணு.

— அஞ்சு!

— ம். கெட்டிதான்.

— வெறும் சுவரை மறைக்கவா ஐயா இத்தனை சோதனை?

— சுவரா? அந்தப் பக்கம் இருக்கிறது எங்கண்ணன்.

— அண்ணனா?

— அப்பா வீட்டை ரெண்டா பிரிச்சோம். தொட்டி யாருக்குன்னு சண்டை. நானும் விடல, அவனும் விடல. கொத்தனார் பார்த்தார், தொட்டியை இருந்த இடத்துலேயே விட்டுட்டு, சுத்தி செங்கல் வச்சுப் பூசிட்டுப் போயிட்டார். இப்போ பாதி என் கூடத்துல, பாதி அவன் கூடத்துல. மூடி கூட ஆளுக்குப் பாதி.

— அடேங்கப்பா! மீன் யாரோடது?

— அதான் வயித்தெரிச்சல். மூஞ்சியை அவன் பக்கம் வச்சுக்கிட்டு எனக்கு வாலைக் காட்டுது. எதையோ தின்னக் குடுத்து வளைச்சுப் போட்டிருக்கான்.

— நேரா கேட்டுற வேண்டியதுதானே?

— மூணு வருஷமா பேச்சே கிடையாது. நான் டீயோட உக்காந்தா அவனும் எதிர்ல டம்ளரோட உக்காருவான். டாக்டர் சொன்னாரேன்னு நான் கையைத் தூக்கி இறக்கினா, அவனும் தூக்கி இறக்குறான். நேத்து நாக்கை நீட்டினான்மா! எழுபத்திரெண்டு வயசு!

— நீங்க என்ன பண்ணீங்க?

— நானும் நீட்டினேன். பின்ன? தம்பின்னா இளிச்சவாயனா? அந்த நேரம் பார்த்து மருமக வந்து நிக்கிறா. மானமே போச்சு. இனிமே அவன் மூஞ்சி எனக்குத் தெரியவே கூடாது.

— ஐயோ, வயிறு வலிக்குது ஐயா! இந்தாங்க, நீங்க கொண்டுவந்த நூல் அளவுக்கே வெட்டிட்டேன். பின்பக்கக் கண்ணாடியில வெளியே லேசா எண்ணெய் தடவி ஒட்டுங்க, குமிழி வராது.

— பின்பக்கம்னா?

— உங்களுக்கு எதிர்ப்பக்கம்... ஐயோ!

— என்ன ஐயோ?

— உங்க பின்பக்கம்தான் அண்ணனுக்கு முன்பக்கம். ஒட்டணும்னா அவர் கதவைத் தட்டி உள்ளே போகணும்.

— செத்தாலும் தட்ட மாட்டேன். என் பக்கமே ஒட்டிட்டா?

— மீன் உங்களுக்குத் தெரியாது. மொத்தமா அவருக்கே போயிடும்.

— அது நடக்காது. ஒரு பக்கம் மட்டும் தெரியிற காகிதம் இருக்கா? நான் அவனைப் பார்க்கலாம், அவன் என்னைப் பார்க்கக் கூடாது.

— அவர் மூஞ்சியே தெரியக்கூடாதுன்னீங்க?

— மீனுக்கு என்னத்தைப் போடுறான்னு கண்காணிக்க வேண்டாமா?

— அப்படி எதுவும் இல்ல. ஆனா தண்ணிக்குள்ளேயே நிக்கிற, பாறை மாதிரி செஞ்ச பலகை இருக்கு. உங்க பாதி மூடியைத் திறந்து இறக்கினா வேலை முடிஞ்சுது. யார் கதவையும் தட்ட வேண்டாம்.

— சாயுமே.

— சாயாது.

— சாயம் போகும்.

— பத்து வருஷத்துக்குப் போகாது.

— நடுவுல ஒரு ஓட்டை போட்டுத் தருவியா?

— எவ்வளவு பெருசு?

— ஒரு மூஞ்சி அளவு.

— ஐயா!

— காத்து போகணும்ல! சிரிக்காதே. போன் அடிக்குது, எடு.

— கையெல்லாம் பசை. ஸ்பீக்கர்ல போடுறேன், இருங்க. ஹலோ, வண்ணமீன் கடை.

— ஏம்மா, மீன் தீனி வாங்க வருவேனே, அந்தப் பெரியவர் பேசுறேன். காலையில என் தம்பி ஒரு நூலை வச்சுக்கிட்டு எங்க தொட்டியை அளந்தான். அங்கதான் வருவான். கறுப்போ பாறையோ, எதைக் கேட்டாலும் தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடு. அவனை மறைச்சுட்டா நான் எதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறது, வெறும் மீனையா? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே. என்னம்மா, சொல்லிடுவியா?

— ஐயா, நீங்களே கேட்டீங்களே, உங்கண்ணனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

— போனை இப்படி நீட்டு. அண்ணே, நான்தான். கடையில எல்லாம் தீர்ந்துபோச்சாம்.