இலையை எடுத்துக்கிட்டு வெளிய வந்த ரெத்தினபாய்

இன்னும் நான் விளக்கஞ் சொல்லிக்கிட்டே போனா உங்களுக்குத் தூக்கம் வந்துரும்... எங்க ஊர்ல நடந்த ஒண்ணச் சொல்லுதேன். சின்னதுதான், கேளுங்க.

எங்க கோயில்ல அசனம். ஏழை பணக்காரன் பாக்காம ஊரே ஒரே பந்தியில உக்காந்து திங்குற விருந்து. ஆட்டுக்கறிக் கொழம்புல கத்திரிக்காய் போடுவாங்க பாருங்க... அந்தக் கத்திரிக்காய்க்காகவே ஞானஸ்நானம் வாங்கலாம். சரி, கதைக்கு வாரேன்.

தங்கக்கனின்னு ஒரு அம்மா. அவ மகன் மகிபன் மெட்ராஸ்ல டேவிட்டுன்னு ஒருத்தன்கூட குடும்பமா இருக்கான். புருசன் பொஞ்சாதி எப்படி இருப்பாங்களோ... அப்படி. ரெண்டு பேரும் அசனத்துக்கு வந்து பந்தியில உக்காந்துட்டானுவ.

கமிட்டில இருக்குற தேவாசீர்வாதம் சோத்து வாளியோட வந்து நின்னாரு. "எலே, எந்திரிங்க. இது பரிசுத்தமான பந்தி. பார்சல் கட்டித் தாரோம், வீட்ல வச்சுத் தின்னுங்க."

மகிபன் எந்திரிச்சு பந்தலுக்கு வெளிய வந்துட்டான். டேவிட்டும் பின்னாலயே வந்துட்டான். "அம்மா, நாங்க பஸ்ஸுக்குப் போறோம்."

தங்கக்கனி விடியக்காலம் இருந்து வெங்காயம் உரிச்சவ. அந்தக் கையோட நிக்கா. இந்த பஸ்ல ஏறிட்டான்னா, இனி இந்தக் கோயில் வாசல மிதிப்பானா? மிதிக்க மாட்டான். பெத்தவளுக்குத் தெரியும்.

பந்தி என்ன செஞ்சுது? குனிஞ்சு இலையப் பாத்துச்சு. வெறும் இலைய... அதுல அப்படி என்னதான் தெரிஞ்சுதோ.

பெண்கள் சங்கத்து ரெத்தினபாய் மட்டும் வாயத் தொறந்தா. "தேவாசீர்வாதம், பார்சல் யாருக்குக் கட்டுவோம்?"

"படுத்த படுக்கையாக் கெடக்குறவங்களுக்கு."

"இவனுவ என்ன நோவுல கெடக்கானுவ?"

"அக்கா, உங்களுக்கு வேதம் தெரியாதா?"

"சண்டே ஸ்கூல்ல உனக்கு அதச் சொல்லித் தந்தது யாருலே?"

தன் இலையையும் தம்ளரையும் எடுத்தா. வெளிய மணல்ல போட்டு உக்காந்தா. "மகிபா, உக்காரு மக்கா. டேவிட்டு, நீயும் வாய்யா."

பொறவு முட்டு வலிக்காரர் செல்லப்பா வந்தாரு. அவரு எந்திரிக்கவே ரெண்டு ஆளு பிடிக்கணும்... பிடிச்ச ரெண்டு பேரும் அப்படியே வந்துட்டாங்க. பாதிப் பந்தி அசையல. பொய் சொல்ல மாட்டேன்.

எங்க வழக்கம், எல்லாரும் உக்காந்தாத்தான் ஐயர், அதான் எங்க பாதிரியார், ஜெபம் பண்ணுவாரு. ஜெபம் முடிஞ்சாத்தான் சோறு. ஐயர் உள்ள பாக்காரு, வெளிய பாக்காரு.

"ஐயரே, மெதுவா யோசிங்க" ன்னா ரெத்தினபாய். "சோறு ஆறுனாலும் காத்திருப்போம். இந்தப் பிள்ளைகளுக்கு இலை போடாம எங்க இலையில ஒரு பருக்கை விழாது."

ஐயர் வெளிய வந்தாரு. மணல்ல நின்னு ஜெபம் பண்ணாரு.

தேவாசீர்வாதம் வாளிய வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. இன்னைக்கும் அவரு மாறல. ரெத்தினபாயும் மாறல. தங்கக்கனிதான் அந்த வாளிய எடுத்தா... மொதல்ல டேவிட்டு இலையில போட்டா.

இத எதுக்குச் சொல்லுதேன்? "எனக்கு அவங்க மேல வெறுப்பே கெடையாது, மனசுக்குள்ள நான் அவங்க பக்கந்தான்"ன்னு நம்மள்ல எத்தன பேரு சொல்லுதோம்? மனசுக்குள்ளயே இருந்தா... யாரு வயிறு நெறையும்?

கோயில விட்டு ஓட வேண்டாம். அது நம்ம கோயிலு. கைகலப்பும் வேண்டாம். நம்ம ஆண்டவர் பேரச் சொல்லி ஒரு பிள்ளைய வெளிய நிறுத்துனா, நீங்க எந்திரிங்க. போய் அந்தப் பிள்ளை பக்கத்துல உக்காருங்க. நாலு பேரு போதும், பந்தி அங்க வந்துரும்.

ஆண்டவர் எந்தப் பக்கம் உக்காந்திருப்பாரு... அத நான் வேற சொல்லணுமா?