எலிக்குட்டியின் மூன்று நிமிடம்

— மறுபடியும் சொல்லுங்க டாக்டர், வீடியோவுல என்ன இல்லை?

— நான் டாக்டர் இல்லைம்மா, பிசியோதெரபிஸ்ட். நீங்க வீட்டுலேர்ந்து அனுப்பினதை நாலு தடவை பார்த்துட்டேன். உங்க பொண்ணு ஏழாம் மாசத்துலயே பொறந்தவ. இந்த வயசுல மல்லாந்து கிடக்கும்போது கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதா நெளியணும், ஓயாம நெளியணும். அது ஒரு இடத்துல கூட இல்லை.

— இல்லைன்னா?

— பின்னாடி நடக்கிறதுல சிக்கல் வரலாம்மா. அதான் நேர்லயே பார்த்துடலாம்னு கூப்பிட்டேன்.

— தம்பி, கேட்டியாடா? நீதானே வீடியோ எடுத்தே!

— கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்க்கா. மேடம், ஆறு மாசக் குழந்தைதானே, போகப் போக...

— குழந்தையோட மாமாவா நீங்க? பொறந்த தேதியை விடுங்க. பொறக்க வேண்டிய தேதியிலேர்ந்து எண்ணினா மூணு மாசம்தான். பார்க்க வேண்டிய நேரமே இதுதான். அம்மா, கையுறை, சாக்ஸ் எல்லாம் கழட்டிட்டுப் பாயில போடுங்க. கிலுகிலுப்பை பைக்குள்ள போகட்டும். என் கேமரா ஓடும். மூணு நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

— மூணு நிமிஷமா! எங்க அக்காவா!

— சும்மா இருடா. அந்தக் கிலுகிலுப்பையை எடுத்துப் பைக்குள்ள போடு.

— உஷ்.

— ஐயையோ, ஆரம்பிச்சுட்டா! கையைப் பிடிச்சுக்கட்டுமா மேடம்?

— தொடாதீங்க! என்ன ஆரம்பிச்சுட்டா?

— இதோ, இந்தத் துறுதுறுப்புதான். முழிச்சிருந்தா எந்நேரமும் இதே வேலை. ஒரு நிமிஷம் சும்மா கிடப்பாளாங்கிறீங்க?

— எந்நேரமுமா? இருங்க, இருங்க. பேசாதீங்க.

— ஏன் மேடம் சிரிக்கிறீங்க?

— அம்மா, நான் தேடினது இதைத்தான்! கழுத்துல இருக்கு, ரெண்டு மணிக்கட்டுலயும் இருக்கு, அந்தக் குட்டிக் கணுக்காலைப் பாருங்க, என்னமா சுத்துது! இது இருந்தா பெரிய பயம் போச்சுன்னு அர்த்தம். நான் கூப்பிடுறப்ப எல்லாம் கொண்டு வந்து காட்டணும், ஆனா இன்னைக்கு நிம்மதியா தூங்குங்க.

— நடப்பாளா?

— இப்ப பார்க்கிற வரைக்கும், நீங்க நல்ல செருப்பா ஒண்ணு வாங்கி வைக்கிறது நல்லது. பின்னாலயே ஓட வேண்டியிருக்கும்.

— என் எலிக்குட்டி! தொள்ளாயிரம் கிராம்ல வந்தவடி நீ! மேடம், இப்ப பேசலாமா?

— கத்தவே செய்யலாம்.

— நேத்து நீங்க போன் பண்ணினதுலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை மேடம். இப்பதான் பசிக்குது.

— எனக்கு ஒண்ணுதான் புரியலை. எந்நேரமும் நெளியறவ, அஞ்சு நிமிஷ வீடியோவுல ஒரு தரம் கூடவா நெளியலை?

— அதானே! தம்பி, கதவுகிட்ட உனக்கு என்ன வேலை?

— இல்லக்கா... கொஞ்சம் காத்தாட...

— நில்லுடா. என்ன பண்ணினே?

— நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன்க்கா. மாப்பிள்ளை மூக்கைச் சொறியறதை எல்லாம் வெட்டித்தானே குடுப்பேன்? இதுவும் ஒரு பரீட்சைன்னு சொன்னாங்க. நம்ம எலிக்குட்டி நல்ல மார்க் வாங்கட்டுமேன்னு, நெளியற இடத்தை எல்லாம் வெட்டிட்டு, சமத்தா கிடக்கிறதை மட்டும் ஒட்டி...

— அடப்பாவி! உன்னை...

— அம்மா, அம்மா, அடிக்காதீங்க, கேமரா இன்னும் ஓடுது! சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிக்குது. ஏன் தம்பி, வெட்டினதை எல்லாம் அழிச்சிட்டீங்களா?

— அழிக்கிறதா? நாப்பது நிமிஷத்துக்கு எனக்குன்னு தனிப் படமா வச்சிருக்கேன் மேடம். பொறந்த புதுசுல ஆஸ்பத்திரியில அவ அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள அசையாம கிடந்ததைப் பார்த்தவன் நான். அதுக்கப்புறம் அவ அசைஞ்சதுல ஒரு நொடியைக் கூட நான் தூக்கிப் போட்டதில்லை.