மீசை வழித்த குலசிங்கம்

எனக்குத் தேநீருக்குச் சீனி போட வேண்டாம், சலரோகம். நான் சொல்லச் சொல்ல நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள். எனக்கு ஒரு அவசரமுமில்லை.

அந்தக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் நான் தொழிற்சங்கச் செயலாளர். கப்பலிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிற எங்கள் கம்பனியில், கிரேன் பகுதிக்கு மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியானது. குலசிங்கம் விண்ணப்பித்தான். கிரேன் ஓட்டியே தலை நரைத்தவன். "எனக்கு அனுபவம் இருக்கு, அண்ணை. பேந்தென்ன?" என்று என்னிடமே வந்து சொன்னான். அனுபவமாம்! இந்த நாட்டில் அனுபவத்தைப் பார்த்து எவன் வேலை கொடுத்தான்? அனுபவம் உள்ளவனை இருந்த இடத்திலேயே வைத்துப் பிழிவார்கள். ஆளைப் பிடித்தவன் மேலே போவான். இது கூடத் தெரியாமல் அவ்வளவு காலம் சங்கத்தில் இருந்திருக்கிறான்.

என் மனைவியின் தம்பி ஞானசேகரமும் விண்ணப்பித்திருந்தான். லிங்கநகரில் சோடாக் கடை வைத்திருந்தவன். கிரேனைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறான். ஆனால் அவனுக்கு நான் இருந்தேன். முகாமையாளருக்கும் சம்மதம்தான். "குலசிங்கம் நேர்முகத்துக்கு வந்தா அவனைத் தள்ள ஏலாது. ஆக்கள் கதைப்பாங்கள்" என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

சண்டைக் காலம். துறைமுக வாசலில் கடற்படை நிற்கும். பாஸ் காட்டியும் சந்தேகம் வந்தால் சிப்பாய் என்னைக் கூப்பிடுவான், எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால். எங்கள் ஆள் என்று நான் சொன்னால் விட்டுவிடுவான். எத்தனை பேரை அப்படி உள்ளே எடுத்துவிட்டிருக்கிறேன். ஒருவனாவது நன்றி சொன்னானா? சங்கக் கூட்டம் என்றால் மட்டும் எல்லாருக்கும் வயிற்றுவலி.

நேர்முகத்தன்று காலை குலசிங்கம் மினுக்கின வெள்ளைச் சேட்டோடு வந்தான். பாஸில் இருந்த படத்தில் பெரிய மீசை. முகத்தில் மழுமழுவென்று ஒன்றுமில்லை. சிப்பாய் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். இவன் உங்கள் ஆளா என்று கேட்டான்.

"நான் ஆரெண்டு சொல்லுங்கோ, அண்ணை" என்று குலசிங்கம் சிரித்தான்.

தெரியாது என்றேன்.

கண்மூடித் திறக்கிற நேரத்தில் நடந்தது. யோசித்துச் செய்த காரியமில்லை. ஜீப்பில் ஏற்றும்போதும் அவன் என்னைத்தான் பார்த்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பான், விசரன். பிறகு ஆள் திரும்பி வரவேயில்லை.

ஞானசேகரத்துக்கு வேலை கிடைத்தது. நானும் சும்மா இருக்கவில்லை. குலசிங்கத்தை விடுதலை செய் என்று சங்கத்தைத் திரட்டி ஊர்வலம் போனேன். முன்வரிசையில் நின்று கத்தியதில் எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

அவன் மனைவி குணேஸ்வரி என் வீட்டுக்கு வந்து அழுவாள். "மீசையை ஏன்தான் எடுத்தாரோ, அண்ணை. கலியாணத்துக்குக்கூட எடுக்காத மனிசன். ஆர் சொன்னதைக் கேட்டாரோ."

"எல்லாம் விதி, பிள்ளை" என்பேன். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருந்தார்கள்.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். இந்த மீசையோடு போனால் சண்டியன் என்று நினைப்பார்கள், வழித்துவிட்டுப் போ என்று புத்தி சொன்னவன் நான். முதல் நாள் பின்னேரம் சங்கக் கந்தோரில், அவன் வழித்து முடிக்கும் வரைக்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். முடித்துவிட்டு அவன் நிமிர்ந்தபோது எனக்கே ஆளை அடையாளம் மட்டுக்கட்ட ஏலாமல் இருந்தது. அதனால் வாசலில் நான் சொன்னதைப் பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.